முட்டி ஜவ்வு கிழிந்தபின் மறுபடி விளையாட: வரிசை தவறாத வழிகாட்டி

முட்டிக் காயங்களில் நீண்ட பாதை ஏசிஎல் (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டும் முன்பக்க ஜவ்வு) கிழிசலுக்குத்தான். அதனால் இந்த வழிகாட்டி அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. உள்பக்க ஜவ்வு, மெனிஸ்கஸ் போன்ற மற்றக் காயங்களுக்கும் படிகளின் வரிசை இதுதான். கால அளவும் சில தடைகளும் மட்டும் மாறும்.

உழைப்புக் குறைந்து தோற்பவர்கள் குறைவு, வரிசை மாறித் தோற்பவர்களே அதிகம். முட்டியை மடக்க ஒரு மாதம் போராடியிருப்பார்கள், அது முழுசாக நீள்கிறதா என்று ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். வலி போய்விட்டதே என்று ஓடத் தொடங்கியிருப்பார்கள், தொடையின் சுற்றளவை ஒருமுறையும் அளந்திருக்க மாட்டார்கள்.

1. கிழிந்தது எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்

தமிழில் எல்லாமே "ஜவ்வு"தான். எலும்போடு எலும்பைக் கட்டும் நாரும் ஜவ்வு, இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்ற பதிலோடு வீடு திரும்பினால், எந்தப் பயிற்சி செய்யலாம், எது கூடாது என்பது கடைசிவரை குழப்பமாகவே இருக்கும்.

அடையாளங்கள் ஓரளவு சொல்லும். திரும்பும்போதோ தரையிறங்கும்போதோ "டப்" என்று ஒரு சத்தம், முட்டி நழுவிய உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம்: இது ஏசிஎல் பக்கம் கைகாட்டும், ஏனென்றால் அவ்வளவு சீக்கிரம் வீங்குவது உள்ளே ரத்தம் கசிவதால். வீக்கம் மறுநாள் மெதுவாக வந்து, மூட்டுக் கோட்டில் குத்தும் வலி இருந்தால் மெனிஸ்கஸைச் சந்தேகிக்கலாம். உள்பக்கத்தில் மட்டும் தொட்டால் வலித்தால் உள்பக்க ஜவ்வு.

காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை, 90 டிகிரி வரை மடங்கவில்லை, முட்டிச் சில்லையோ முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே உள்ள எலும்பு முனையையோ தொட்டால் வலிக்கிறது என்றால் எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே வேண்டும். பாதம் மரத்தாலோ சில்லிட்டாலோ அது ரத்தக்குழாய், நரம்பு சம்பந்தப்பட்ட அவசரம். முட்டி ஒரே கோணத்தில் பூட்டிக்கொண்டு நீளவே மறுத்தால், கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் சிக்கியிருக்கலாம். அதை இழுத்து நீட்டிப் பார்க்காதீர்கள்.

அறுவை வேண்டுமா என்ற முடிவை முதல் நாளே எடுக்கத் தேவையில்லை. சுவீடனில் 121 பேரை வைத்து நடந்த கேனான் ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று விடப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்து ஆண்டு கழித்தும் அறுவை இல்லாமலே இருந்தார்கள். வேகமாகத் திரும்பி ஓடும் ஆட்டங்களுக்குப் போகிறவர்களுக்கும், நடக்கும்போதே முட்டி நழுவுகிறவர்களுக்கும் அறுவை பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும். எப்படியானாலும் வீக்கம் வற்றி, முட்டி நீண்டு, தொடை வலுப்பெற்ற பிறகு செய்யும் அறுவையில் மீட்சி எளிது. வீங்கி விறைத்த முட்டியில் செய்தால் பின்னாலும் விறைப்பு தங்கிவிடும் வாய்ப்பு அதிகம்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தகவல். அறுவை செய்தவரிடம் நான்கு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: புது ஜவ்வுக்கான நார் எங்கிருந்து எடுக்கப்பட்டது (முட்டிச் சில்லின் கீழ்நார், பின்தொடை நார், முன்தொடை நார்)? மெனிஸ்கஸ் தைக்கப்பட்டதா, வெட்டி எடுக்கப்பட்டதா? எவ்வளவு எடை ஊன்றலாம்? எத்தனை டிகிரி மடக்கலாம்? மெனிஸ்கஸ் தையல் இருந்தால், எடை தாங்கியபடி 90 டிகிரிக்கு மேல் மடக்குவது பொதுவாக முதல் ஆறு வாரம் தடை. பாரத்தோடு ஆழமாகக் குந்துவது இன்னும் பல வாரம் தள்ளிப்போகும். இந்தத் தகவல் இல்லாமல் இணையத்தில் கிடைக்கும் எந்த அட்டவணையையும் பின்பற்றாதீர்கள். அது வேறொருவருடைய முட்டிக்கு எழுதப்பட்டது.

அடுத்தது அளவு. அறுவைக்கு முன்பே நல்ல காலின் வலுவை அளந்து குறித்துவையுங்கள்: ஒற்றைக்காலில் லெக் பிரஸ் (பாதத்தால் எடையைத் தள்ளுவது), லெக் எக்ஸ்டென்ஷன் (உட்கார்ந்து முட்டியை நீட்டி எடையைத் தூக்குவது) எத்தனை கிலோ, ஒற்றைக்கால் தாவல் எத்தனை சென்டிமீட்டர். பிறகு ஒப்பிடும்போது இந்த எண்தான் கைகொடுக்கும். மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தால் நல்ல காலும் இளைத்துவிடும். இளைத்த காலோடு ஒப்பிட்டு "இரண்டும் சமம்" என்று மகிழ்வது ஏமாற்று.

பொருள்கள் குறைவுதான்: ஊன்றுகோல், இரண்டு துண்டு, அளவு நாடா, ஒரு நோட்டு. நான்காவது வாரம் முதல் லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரம் உள்ள ஜிம் அவசியம். எலாஸ்டிக் பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பும் அளவு தொடை வலு சேராது.

3. முதல் சில வாரம்: நீர் வற்றணும், கால் நீளணும், தொடை விழிக்கணும்

இந்த மூன்றும் இந்த வரிசையில்தான். முட்டியில் நீர் கோத்திருந்தால் முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே தணித்துவிடும். மனவுறுதியால் இதை வெல்ல முடியாது. வீக்கத்தைக் குறைக்காமல் தசையை மட்டும் விரட்டினால் வீண்.

வீக்கத்துக்கு: காலை இதயத்தைவிட உயரத்தில் வைத்துப் படுப்பது, அழுத்தக் கட்டு, வலிக்கு ஐஸ் ஒத்தடம் (துணி சுற்றி 15 நிமிடம் வரை), கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் அசைப்பது. முதல் சில நாளில் முட்டியை அழுத்தி நீவுவதும் சூடு ஒத்தடமும் வேண்டாம், வீக்கம் கூடும்.

நீட்டுவதற்கு: குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியின் அடிப்பக்கம் அந்தரத்தில் தொங்கும்படி 10 நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது. சுகமாக இருக்கும், ஆனால் மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். சில டிகிரி நீளாமல் போனாலே நடை நொண்டும், முன்தொடை வேலை செய்யாது, முட்டிச் சில்லில் வலி வரும். மடங்குவது தாமதமானாலும் பிறகு வந்துவிடும். விட்டுப்போன நீட்டலைப் பிறகு மீட்பது கடினம்.

நீள்கிறதா என்று பார்க்கக் கட்டில் ஓரத்தில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே இரண்டு காலையும் வெளியே தொங்கவிடுங்கள். இரண்டு குதிகாலின் உயர வித்தியாசத்தை வேறொருவர் அளக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு டிகிரி.

தொடைக்கு: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்துவதுபோல் முன்தொடையை இறுக்கி 5 விநாடி பிடியுங்கள். 10 முறை, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருதரம். சரியாகச் செய்தால் முட்டிச் சில்லு தொடைப்பக்கம் சற்று மேலே நகர்வது கண்ணுக்கே தெரியும். சில்லு அசையாமல் பின்புறம் மட்டும் இறுகினால் பிட்டத் தசையால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். சில்லு நகரத் தொடங்கிய பிறகுதான் காலை நேராகத் தூக்கும் பயிற்சி. தூக்கும்போது முட்டி லேசாகத் தொய்ந்தாலும் அது கணக்கில் சேராது.

ஊன்றுகோலை எப்போது விடுவது? காலைத் தொய்வின்றி நேராகத் தூக்க முடிந்து, நொண்டாமல் நடக்க முடிந்தால். "கோல் இல்லாமல் நடந்துவிட்டேன்" என்று பெருமைக்காகச் சீக்கிரம் விட்டால், மடக்கிய முட்டியோடு நொண்டும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைக் கோலுக்கு மாறும்போது அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது அடிபட்ட கால் முன்னால்.

கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது கசிவு வந்தால் தொற்று. இரண்டுக்கும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் நேராக அவசரப் பிரிவு.

4. காலைச் சோதனை: இனி ஒவ்வொரு படிக்கும் இதுதான் வாயிற்காவலன்

முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். செய்ய ஒரு நிமிடம் போதும்.

காலை நீட்டிப் படுத்துத் தொடையைத் தளர்த்துங்கள். சில்லின் உள்பக்கக் குழியில் கையை வைத்து, மூட்டுக் கோட்டிலிருந்து தொடைவரை மேல்நோக்கி இரண்டு மூன்று முறை தள்ளுங்கள். உள்ளே இருக்கும் நீர் மேலே போய்விடும். இப்போது சில்லின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழே ஒரு முறை தடவிக்கொண்டே உள்பக்கக் குழியைப் பாருங்கள். ஒன்றும் அசையவில்லை என்றால் மூட்டு வறண்டிருக்கிறது. சின்ன அலை ஓடினால் சுவடு. புடைத்தால் ஒன்று. வெளிப்பக்கம் தடவாமலே நீர் தானாகத் திரும்பி வந்தால் இரண்டு. மேலே தள்ளவே முடியாத அளவு நிறைந்திருந்தால் மூன்று.

தினமும் காலை எழுந்ததும் பார்த்து நோட்டில் குறியுங்கள். நேற்றைய அளவே இருந்தால் இன்று திட்டப்படி போகலாம். ஒரு படி கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம்: தாவலும் ஓட்டமும் நிறுத்தி, அளவு பழைய நிலைக்கு வரும்வரை முந்தைய படியில் இருங்கள். பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். வலி இல்லை, ஆனால் நீர் கோத்திருக்கிறது என்றால் நீரின் பேச்சைக் கேளுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் வலி என்ற சாட்சியும் போய்விடும்.

5. வலு சேர்த்தல்: நீண்ட, அலுப்பூட்டும், தவிர்க்க முடியாத மாதங்கள்

முட்டி 110 டிகிரி அளவு மடங்கியதும் நிலை சைக்கிள் தொடங்கலாம். சீட்டைச் சற்று உயர்த்தி, எதிர்ப்பு இல்லாமல் 5 நிமிடம், பிறகு படிப்படியாக 20. இது அசைவுக்கானது. வலு இதிலிருந்து வராது.

வலுவுக்கான அடிப்படை ஆறு: லெக் பிரஸ், படி ஏறி இறங்குதல், ஒரு கால் முன்வைத்துக் குந்துதல், இடுப்பை மடக்கி எடை தூக்குதல், பிட்டத்தை உயர்த்தும் பிரிட்ஜ், கெண்டைக்கால் உயர்த்தல். இரண்டு காலில் தொடங்கி ஒற்றைக்காலுக்கு வர வேண்டும். இரண்டு காலால் குந்தும்போது உடம்பு சத்தமில்லாமல் எடையை நல்ல கால் பக்கம் சாய்த்துவிடும். குந்துபவருக்கே தெரியாது. இரண்டு எடைக் கருவியை இரு பாதத்துக்கும் கீழே வைத்துக் குந்திப் பாருங்கள், முகம் மாறும்.

லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. அறவே விட்டால் முன்தொடை வலு முழுசாக வராது, ஏனென்றால் குந்தும்போது இடுப்பும் கணுக்காலும் அதன் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். பொதுவாக நான்காவது வாரம் முதல் 90 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை மட்டும், பிறகு வாரவாரம் வீச்சைக் கூட்டி எட்டாவது வாரத்தில் முழு நீட்டல். பின்தொடை நார் வைத்துக் கட்டியிருந்தால் முதல் 12 வாரம் கூடுதல் எடை இல்லாமல். அதே காரணத்துக்காகப் பின்தொடையைத் தனியாகச் சுமையேற்றும் பயிற்சிகளையும் அறுவை செய்தவர் சம்மதிக்கும்வரை தள்ளிவையுங்கள்.

முதலில் 3 சுற்று, சுற்றுக்கு 12 முதல் 15 முறை. மூன்றாவது மாதத்திலிருந்து எடையைக் கூட்டி 4 சுற்று, 6 முதல் 8 முறை. கடைசி இரண்டு முறை உண்மையிலேயே திணற வேண்டும். வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. பலர் ஆறு மாதமும் ஒரே 5 கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். பழகிய எடை எதையும் வளர்க்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை முட்டி நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும்: வலி இல்லை, நடை சரி. ஆனால் உள்ளே பொருத்திய நார் ரத்த ஓட்டம் பெற்று ஜவ்வாக மாறும் வேலையில் இருப்பதால், ஏறக்குறைய அப்போதுதான் அது மிக நலிந்த நிலையில் இருக்கும். பேருந்தைப் பிடிக்க ஓடுவதும், குழந்தையோடு பந்து தட்டுவதும் இந்த வாரங்களில்தான் நடக்கும்.

6. ஓட்டம்

பன்னிரண்டாவது வாரத்துக்கு முன் பேச்சே வேண்டாம். அதன் பிறகும் நாள் ஆனதால் மட்டும் ஓட முடியாது. முழு நீட்டல், வறண்ட மூட்டு அல்லது சுவடு மட்டும், நல்ல காலின் 70 விழுக்காடாவது முன்தொடை வலு, ஒற்றைக்காலில் 10 முறை முட்டி உள்ளே சாயாமல் குந்தல், அரைமணி வேகநடைக்குப் பின் மறுநாள் வீக்கமின்மை. எல்லாம் சேர்ந்தால்தான்.

சமதளத்தில் 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு முறை காலைச் சோதனை சரியாக வந்தால் ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டுங்கள். நேரமும் வேகமும் ஒரே வாரத்தில் கூடாது, வீங்கினால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. காதையும் பயன்படுத்துங்கள்: இரண்டு பாதமும் விழும் சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று "தொம்" என்றும் மற்றது "தப்" என்றும் விழுந்தால் ஒரு கால் இன்னும் அதிர்ச்சியை வாங்கவில்லை.

7. தரையிறங்கக் கற்றபின் தாவல்

முதலில் சிறு படியிலிருந்து இறங்கி, முட்டி மடங்கி, அசையாமல் 3 விநாடி நிற்க வேண்டும். இரண்டு கால், பிறகு ஒற்றைக்கால். முன்னோக்கி, பிறகு பக்கவாட்டில், கடைசியில் திரும்பி. ஒரு அமர்வில் தொடக்கத்தில் 40 தரையிறக்கம் போதும்.

கைப்பேசியை இடுப்பு உயரத்தில் எதிரே வைத்துப் படமெடுங்கள். முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே விழுகிறதா, இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா, உடம்பு நல்ல கால் பக்கம் சாய்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். களைத்த பிறகும் ஒருமுறை எடுங்கள். புத்துணர்ச்சியோடு இருக்கும்போது எல்லோரும் அழகாகத்தான் இறங்குவார்கள்.

8. நிறுத்துதல், திரும்புதல்

திரும்புவதற்கு முன் நிற்கக் கற்க வேண்டும். அரை வேகத்தில் ஓடிவந்து மூன்றடியில் நிற்பது, பிறகு முக்கால் வேகம், பிறகு முழு வேகம். அதன் பிறகே 45 டிகிரி திருப்பம், பிறகு 90, கடைசியில் பின்னோக்கித் திரும்பி ஓடுவது.

இதுவரை எங்கே திரும்பப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் தெரியாது. ஏசிஎல் கிழிசல்களில் பெரும்பகுதி யாரும் நேரடியாக முட்டியில் மோதாமல், கவனம் பந்திலோ எதிராளியிலோ இருக்கும்போது நடக்கிறது. அதனால் கடைசி நொடியில் ஒருவர் கைகாட்டும் பக்கம் திரும்புவது, பந்தைப் பிடித்துக்கொண்டே திரும்புவது போன்ற பயிற்சிகள் கட்டாயம். கூம்புகளைச் சுற்றி ஓடுவதோடு நிறுத்திக்கொள்வது இந்தப் படியில் நிகழும் பொதுவான குறை.

9. தேர்வு

டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் விகிதம் 51 விழுக்காடு குறைந்தது. சோதனைகளில் தேறாமல் ஆடப்போனவர்களில் 38.2 விழுக்காட்டினர் மறுபடி முட்டியில் அடிபட்டார்கள், தேறிவிட்டுப் போனவர்களில் 5.6 விழுக்காட்டினர். ஆக ஒன்பது மாதமும் வேண்டும், தேர்ச்சியும் வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

பார்க்க வேண்டியவை: முன்தொடை, பின்தொடை வலு நல்ல காலின் 90 விழுக்காட்டுக்கு மேல் (அறுவைக்கு முன் எடுத்த அளவோடு). நான்கு தாவல்கள்: ஒற்றைத் தாவல், மும்முறைத் தாவல், கோட்டைக் குறுக்கே தாண்டும் தாவல், 6 மீட்டரை ஒற்றைக்காலில் கடக்கும் நேரம். இவையும் 90 விழுக்காடு. ஒற்றைக்கால் லெக் பிரஸ்ஸில் உடல் எடையின் ஒன்றரை மடங்கை ஒருமுறை தள்ள முடிவது நல்ல இலக்கு.

தாவல் தூரத்தை மட்டும் நம்பாதீர்கள். இடுப்பாலும் கணுக்காலாலும் ஈடுகட்டி முட்டிக்கு வேலை கொடுக்காமலே நல்ல தூரம் தாண்டிவிடலாம். ஒற்றைக்காலில் செங்குத்தாகக் குதிக்கச் சொன்னால் குட்டு வெளிப்படும்.

மனத்தையும் அளக்க வேண்டும். இதற்கென்றே ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்ற 12 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு, பிசியோவிடம் கேளுங்கள். வலு வந்தும் மதிப்பெண் குறைந்திருந்தால் தைரியம் சொல்வதில் பயனில்லை. பயப்படும் அந்த ஒரு அசைவைப் பிரித்தெடுத்து, மெதுவான வேகத்திலிருந்து நூறுமுறை செய்யவைப்பதுதான் பலன் தரும்.

10. அணியோடு சேர்தல்

தேர்வில் தேறியது பயிற்சிக்கான அனுமதி. போட்டிக்கான அனுமதி அதற்குப் பிறகு. முதலில் வார்ம்-அப் மட்டும். அடுத்து மோதலில்லாத பயிற்சி. அடுத்து முழுப் பயிற்சி, குறைந்தது நான்கு வாரம். பிறகு போட்டியில் 15 முதல் 20 நிமிடம், அதன்பின் அரை ஆட்டம், அதன்பின் முழு ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் மறுநாள் காலைச் சோதனை உண்டு.

கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறக்குவது பாதுகாப்பானது என்று பயிற்சியாளர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அப்போது மற்றவர்கள் களைத்திருப்பார்கள், ஆட்டம் சிதறியிருக்கும், இறங்குபவரின் உடம்பு பெஞ்சில் ஆறிப்போயிருக்கும். தொடக்கத்தில் இறக்கி, குறித்த நேரத்தில் வெளியே எடுப்பது மேல். முட்டிப் பட்டை போட்டுக்கொண்டால் தேர்வைத் தவிர்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம், பட்டை தொடையின் வேலையைச் செய்யாது.

11. திரும்பிய பிறகு

25 வயதுக்குக் கீழே இருந்து மறுபடி ஆடப்போகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏசிஎல் மீண்டும் கிழிகிறது, அதே காலிலோ மறுகாலிலோ. அதனால் நல்ல காலுக்கும் சம அளவு பயிற்சி கொடுங்கள். ஆட்டப் பருவத்திலும் வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி தொடரட்டும், ஒன்று போட்டிக்கு இரண்டு நாள் முன்பாவது முடிந்துவிட வேண்டும். வார்ம்-அப்பாக, காயங்களைத் தடுக்கக் கால்பந்து அமைப்பான பிஃபாவின் பெயரில் உள்ள பிஃபா 11+ பயிற்சித் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம்: 15 பயிற்சிகள், 20 நிமிடம், வாரம் இரண்டு முறையாவது.

நோட்டை உடனே மூடிவிடாதீர்கள். முதல் ஆட்டப் பருவம் முடியும்வரை போட்டிக்கு மறுநாள் காலை அந்த ஒரு நிமிடச் சோதனையைத் தொடருங்கள். இரண்டு போட்டிக்குப் பிறகு அடுத்தடுத்து நீர் கூடியிருந்தால் ஒரு வாரம் தாவலை நிறுத்துங்கள். மூன்றாவது முறையும் வந்தால் மருத்துவரிடம் காட்டும்போது நோட்டையும் எடுத்துப்போங்கள். எந்தத் தேதியில், எதற்குப் பிறகு, எவ்வளவு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும்.